மூன்று விரல் தண்ணீர்

கித்தேரியா வீட்டு உத்திரத்தில் தராசைக் கட்டி, துணித் தூளிக்குள் பிள்ளையைப் போட்டுவிட்டு, முள் ஆடி அடங்குகிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐந்து கிலோ எழுநூறு. நோட்டைப் புரட்டினேன். போன மாதமும் அதே ஐந்து கிலோ எழுநூறு. தராசைக் கழற்றி வேறொரு ஆணியில் மாட்டி மறுபடி நிறுத்தேன். எழுநூறை விட்டு முள் நகரவில்லை. ஐந்து மாதப் பெண்பிள்ளை, தூளிக்குள் கிடந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

"தராசு பழசாயிருக்கும் தோனா அவுரெலினா," என்றாள் பிள்ளையைப் பெற்ற இவோனெட். கித்தேரியாவின் மருமகள். இருபது வயது இருக்கும்.

"தராசு நல்லாத்தான் இருக்கு. காலையிலேர்ந்து நாலு பிள்ளைய நிறுத்துட்டு வர்றேன், நாலும் ஏறியிருக்கு. உனக்குப் பால் வருதா இல்லையா, அதைச் சொல்லு."

தரையைப் பார்த்தாள். உதடு பாளம் பாளமாக வெடித்திருந்தது. புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டேன். நிமிர்ந்த தோல் படுக்க மறுத்து அப்படியே நின்றது. உடம்பில் தண்ணீர் இல்லை.

லாஜெடினுவிலும் அதைச் சுற்றியும் உள்ள அறுபத்து மூன்று வீடுகளுக்கு நான்தான் சுகாதாரப் பணியாளர். பதினோரு வருடமாக நடக்கிறேன், மரியாதைக்கு எல்லோரும் தோனா என்பார்கள். பிள்ளை நிறுப்பேன், ஊசித் தேதி சொல்வேன், கிழவர்களுக்கு ரத்த அழுத்தம் பார்ப்பேன். அது சம்பளத்துக்கு. மற்றபடி அடுத்த வீட்டுச் சட்டியில் என்ன வேகிறது என்று தெரியாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. 'சம்பளமே கொடுக்காவிட்டாலும் நீ இந்த வேலைக்குப் போவாய்' என்று என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்த நாளில் சொல்வார். சரியாகத்தான் சொன்னார்.

அடுக்களையிலிருந்து கித்தேரியா வந்தாள். அவள் மகள் ரோசில்டாவுக்கு நான் ஞானத்தாய். அதனால் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். கழுத்தில் மாதா சுரூபம் தொங்கும் அதே கயிற்றில் ஒரு பூட்டுச்சாவியும் தொங்கியது. புதிதாக இருந்தது.

"என்ன கொமாத்ரே, கழுத்துல சாவி? பெட்டியில தங்கம் வச்சிருக்கியா?"

"தங்கத்தை யாரு பூட்டுறா. வா, ஒரு அதிசயம் காட்டுறேன்."

கொல்லைப்பக்கம் கூட்டிப்போனாள். பாதி மண்ணுக்குள் புதைந்து, மேலே வெள்ளையடித்த வயிறாகத் தெரியும் மழைநீர்த் தொட்டி. கூரை ஓட்டிலிருந்து தகரக் குழாய் இறங்கி அதற்குள் போகிறது. பதினாறாயிரம் லிட்டர் பிடிக்கும். எங்கள் பக்கத்தில் போன வருடம்தான் வீட்டுக்கு வீடு கட்டினார்கள். அதற்கு முன் குடிப்பதற்கும் குளத்துத் தண்ணீர்தான். ஆடு குடிக்கும், கழுதை குடிக்கும், அதே தண்ணீரை வடிகட்டி நாங்களும் குடிப்போம். இப்போது குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ மட்டும் குளம். தொட்டித் தண்ணீர் வாய்க்கும் அடுப்புக்கும்.

தொட்டி கட்டியபோது ஒரு பயிற்சிக்காரப் பையன் பள்ளிக்கூடத்தில் எங்களையெல்லாம் உட்காரவைத்து இரண்டு நாள் கணக்குச் சொல்லிக் கொடுத்தான். வீட்டில் எத்தனை பேர், ஆளுக்கு எத்தனை லிட்டர், மழை நிற்கிற நாளிலிருந்து அடுத்த மழை வரை எத்தனை வாரம். லிட்டர் எங்கள் ஆட்களின் மண்டையில் ஏறவில்லை. கடைசியில் அவனே விரலுக்கு வந்துவிட்டான். ஐந்து பேர் உள்ள வீட்டில் தொட்டித் தண்ணீர் வாரத்துக்கு மூன்று விரல் இறங்கலாம். அப்படி இறங்கினால் முப்பத்தைந்து வாரம் வரும், எட்டு மாதம். ஒரு நீளக் கம்பில் மூன்று மூன்று விரலாகக் கோடு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், சனிக்கிழமைதோறும் தொட்டிக்குள் விட்டுப் பாருங்கள் என்றான். மூன்று விரல், முப்பத்தைந்து வாரம். ஜெபம் மாதிரி எல்லோருக்கும் மனப்பாடம்.

கித்தேரியா பூட்டைத் திறந்து, ஆளுயரத்தைவிட நீண்ட கம்பைத் தொட்டிக்குள் அடி தட்டும்வரை விட்டு எடுத்தாள். ஈரம் ஏறியிருந்த இடத்தைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டாள்.

"எண்ணு. மேலேர்ந்து எண்ணு."

எண்ணினேன். இருபது கோடு காய்ந்திருந்தது.

"மழை நின்னு எத்தனை வாரம்?"

"பதினஞ்சு."

"பதினஞ்சு வாரத்துல இருபது கோடு! அஞ்சு வாரத் தண்ணி எங்க போச்சு? மிச்சம் இருக்கறதும் பதினஞ்சு கோடுதான். இந்த வேகத்துல போனா அக்டோபர் முடியறப்ப தொட்டி வறண்டுடும். நானும் யோசிச்சு யோசிச்சுப் பார்த்துட்டேன். கணக்கு எடுத்தப்போ அஞ்சு பேரு. இப்போ எம் மகன் அதாயில்தன் கரும்பு வெட்டப் போயிட்டான். பிள்ளை பாலைத்தான் குடிக்குது, அதுக்கு ஏது தண்ணிக் கணக்கு? அப்போ நாலே பேரு. தண்ணி மிஞ்சணுமா குறையணுமா?"

"மிஞ்சணும்."

"மிஞ்சலையே! பிள்ளைத் துணியைத் தொட்டித் தண்ணியில அலசுறா அவ. நான் ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போறப்போ. வேற யாரு இருக்கா?"

"நீ பார்த்தியா?"

"பார்த்தா விடுவேனா? அதான் பூட்டு." குரலைத் தாழ்த்தினாள். "நாளை மறுநாள் சந்தை லாரியில ஏத்தி அவ அம்மா வீட்டுக்கு அனுப்பிடுறேன். மழை வந்தப்புறம் வரட்டும்."

இவோனெட்டின் தாய் வீடு எனக்குத் தெரியும். பட்டணத்து ஓரத்தில் ஒற்றை அறை. சிற்றப்பன், அவன் பிள்ளைகள் என்று ஏழு பேர். குழாய் இருக்கிறது, வாரத்துக்கு ஒரு நாள் இருமும். எடை ஏறாத பிள்ளையோடு, வாய் வெடித்த தாய் அங்கே போனால் அடுத்த மாதம் என் தராசு என்ன சொல்லும்? கரும்பு வெட்டு முடிந்து மகன் டிசம்பரில் வந்து, என் பெண்டாட்டி எங்கே என்று கேட்டால் இவள் கம்பைக் காட்டுவாளா?

"கொமாத்ரே, எனக்கு ஒரு நாள் குடு. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. விடிஞ்சதுலேர்ந்து பொழுது சாயற வரைக்கும் உன் அடுக்களையில உட்கார்ந்து எண்ணுறேன். இந்த வீட்டுல ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி போகுதுன்னு கண்ணால பார்த்துடுறேன்."

"உனக்கு வேற வேலையே இல்லையா?"

"இல்லை. வெல்லக்கட்டியும் காப்பியும் குடுத்தாப் போதும்."

ஞாயிறு விடிவதற்குள் போய்விட்டேன். கித்தேரியா அன்றைக்கான தண்ணீரை டின்னில் மொண்டு தலையில் வைத்துக்கொண்டு வந்து, அடுக்களை மூலையில் இருந்த மண்பானையில் ஊற்றினாள். பதினெட்டு லிட்டர் டின். அதை ஒரு கணக்காக வைத்துக்கொண்டேன். குடிக்கிற குவளை ஒவ்வொன்றுக்கும் ஒரு சோள மணியை முற்றத்து மேசையில் வைப்பதாக ஏற்பாடு.

"காவல் நாயைப் புதுசா வாங்கியிருக்கோம்," என்றாள் ரோசில்டா. பதினேழு வயது, வாய் மட்டும் முப்பது.

"நாய் கடிக்கும், ஜாக்கிரதை. நீ காலையிலேயே ரெண்டு குவளை குடிச்சாச்சு."

"ஒன்றரை!"

"அரை மணி சோளத்தை எங்கடி வைக்க? ரெண்டு."

பானைப்பக்கம் எல்லார் வீட்டிலும் போல இரண்டு குவளை. நீளப்பிடி போட்டது பானைக்குள் இறங்கும், வாயில் படாது. இன்னொன்று வாய்க்கு, பானையில் இறங்காது. மாற்றி எடுத்தால் கித்தேரியா கையை உடைத்துவிடுவாள். காப்பிக்கு மூன்று குவளை போயிற்று. சோளமாவை ஈரமாக்கி ஆவியில் அவிக்க இரண்டு. பீன்ஸ் ஊறப் போட ஐந்து, வேகப் போட எட்டு. பீன்ஸ் இவ்வளவு குடிக்கும் என்று இத்தனை வருடம் சமைத்தும் எனக்குத் தெரியாது. மனுஷனைவிட மோசம்.

தமியாவ் ஞாயிற்றுக்கிழமையும் கற்றாழை வெட்டப் போய்விட்டுப் பத்து மணிக்கு வந்தார். கித்தேரியாவின் வீட்டுக்காரர். கற்றாழை முள் கீறிய முழங்கால், உப்புப் பூத்த சட்டை. நின்றவாக்கில் நாலு குவளை குடித்தார். அவர் பேச்சு குறைந்த மனிதர். வலதுகையை எப்போதும் தொப்பிக்கு அடியில் பிடித்துக்கொண்டிருப்பார். பதினெட்டு வருடத்துக்கு முன் நார் உரிக்கிற மோட்டாரில் மடலை ஊட்டும்போது கையும் சேர்ந்து போனது. எங்கள் ஊரில் மோட்டாருக்குக் கை கொடுத்தவர்கள் வீட்டுக்கு ஒருவர் உண்டு. அந்தக் கையை நாங்கள் பார்க்க மாட்டோம். அது பழக்கம். பேசினால் முகத்தைப் பார்ப்போம், கைகுலுக்கவேண்டி வந்தால் முழங்கையைத் தொடுவோம். பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லி வளர்ப்போம்.

நடுவில் மோட்டார் சைக்கிளில் ஒருவன் வழி கேட்டு வந்தான். யாரென்று கேட்பதற்கு முன்னாலேயே ரோசில்டா குவளையை நீட்டிவிட்டாள். அவன் இரண்டு குடித்தான். பக்கத்து வீட்டுக்காரி உப்புக் கடன் வாங்க வந்து ஒன்று குடித்துவிட்டு, "எங்க வீட்டுத் தண்ணியைவிட இது இனிக்குது," என்று இன்னொன்றும் குடித்தாள்.

"வந்தவங்களையும் எண்ணுவியா?" என்றாள் கித்தேரியா.

"அவங்க குடிச்சது தொட்டியிலேர்ந்துதானே? வானத்துலேர்ந்து இல்லையே?"

"வந்தவனுக்குத் தண்ணி இல்லேன்னு சொல்றதுக்கு நான் இன்னும் சாகலை. எண்ணிக்கோ."

இதற்குள் ஒரு கோழி மேசையில் ஏறிச் சோள மணியைக் கொத்திவிட்டது. எத்தனை தின்றது என்று பெரிய வழக்கு. மூன்று என்றாள் ரோசில்டா, ஐந்து என்றேன் நான். கோழியின் முகத்தைப் பார்த்து நாலு என்று முடிவு செய்தோம்.

இவோனெட்டின் மணிகளைத் தனியாக வைத்திருந்தேன். அந்த மூலைக்குக் கோழி வரவில்லை, வந்தாலும் அதற்கு ஒரு வாய்க்குக் காணாது. மத்தியானம் வரை இரண்டே மணி. அந்த இரண்டும் முழுக் குவளை அல்ல. பாதி குடிப்பாள், மீதியைச் சாஸர் போட்டு மூடி அலமாரியில் வைப்பாள். ஒரு மணிநேரம் கழித்து அதை ஒரு மிடறு. மறுபடி மூடி. துணி அலசக் குடத்தை எடுத்துக்கொண்டு குளத்துக்குத்தான் போனாள். போகவர அரை மணி நடை. பின்னாலேயே போய்ப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியுமா என்னால்?

திரும்பி வரும் வழியில் மரநிழலில் உட்காரவைத்துக் கேட்டேன்.

"எத்தனை நாளாடி இந்தச் சாஸர்?"

"பதினஞ்சு நாளா."

"பால் குடுக்கறவ சாதாரண ஆளைவிட அதிகம் குடிக்கணும். தெரியுமா தெரியாதா?"

"தெரியும். நீங்களே சொன்னீங்க." பிள்ளையின் காதில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தாள். "அத்தை சந்தேகப்பட்டாங்க. சரி, நாம குறைச்சா கோடு நிக்கும், அவங்களுக்கு மனசு ஆறும்னு குறைச்சேன். போன சனிக்கிழமையும் ஒரு கோட்டைத் தாண்டிடுச்சு. நேத்தும் தாண்டிடுச்சு. நானே இப்போ யோசிக்கிறேன், தோனா. ஒருவேளை தூக்கத்துல எந்திரிச்சு குடிக்கிறேனோ என்னவோ."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கித்தேரியாவின் பானையையே போட்டு உடைத்திருப்பேன். ஆனால் அதற்குள்ளும் தண்ணீர் இருந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் கூட்டிப் பார்த்தேன். குவளை, சட்டி, வந்தவன் போனவன், கோழி தின்ற நாலு மணி எல்லாம் சேர்த்து, பானைக்குள் போனது மூன்று டின். பயிற்சிக்காரப் பையன் கணக்குப்படி ஐந்து பேர் வீட்டுக்கு நாளைக்குக் கிட்டத்தட்ட நாலு டின் செலவழிக்கலாம். இந்த வீடு சிக்கனமாகத்தான் இருக்கிறது. தண்ணீர் மிச்சமாகியிருக்க வேண்டும். கோடு மட்டும் ஓடுகிறது. இது என்ன மாயம்?

தொட்டியைச் சுற்றி வந்தேன். ஒழுகியிருந்தால் அந்த இடத்தில் நாலு புல் முளைத்திருக்கும், முளைத்ததை ஆடு கண்டுபிடித்திருக்கும். சுற்றிலும் மண் அப்பளமாய்க் காய்ந்து கிடந்தது. சுவரில் காதை வைத்துக்கூடக் கேட்டேன். ரோசில்டா சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். மூடி இடுக்கில்லாமல் உட்கார்ந்திருந்தது. பூட்டோ மாதாவின் காவலில் இருந்தது. எல்லாவற்றையும் சந்தேகப்பட்டாயிற்று. கையிலிருந்த கம்பை மட்டும் இன்னும் யாரும் சந்தேகப்படவில்லை.

கம்பை மடியில் போட்டுக்கொண்டு தொட்டியோரமாக உட்கார்ந்தேன். மேலேயிருந்து முப்பத்தைந்து கோடு, சரியாக இருந்தது. கடைசிக் கோட்டுக்குக் கீழே ஒரு முழத்துக்கும் மேல் மொட்டைக் கம்பு.

"கொமாத்ரே, கீழ எதுக்கு இவ்வளவு நீளம் சும்மா விட்டிருக்கு?"

"அது அடித்தண்ணி."

"அடித்தண்ணின்னா?"

"தொட்டியைச் சுரண்டிக் குடிக்கக் கூடாது, அடியில கொஞ்சம் விட்டு வைக்கணும், இல்லேன்னா சிமிட்டி வெடிச்சுடும்னு அந்தப் பையன் சொன்னானே? அப்புறம் கொசுப்புழு தின்னட்டும்னு மீன் விட்டிருக்கோமே. அதுக்கும் வேணாமா?"

"எத்தனை மீன்?"

"ரெண்டு. சுண்டுவிரல் தண்டிக்கு."

இரண்டு பொடிமீனுக்கு ஒரு முழத் தண்ணீர். டின் கணக்கில் முந்நூறு. எங்கள் கவர்னருக்குக்கூட இவ்வளவு விட்டுவைக்க மாட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் அடங்கியும் விட்டது. மூன்று விரல் வீதம் முப்பத்தைந்து என்றால் கோடு கிட்டத்தட்ட அடி வரைக்கும் போயிருக்க வேண்டும். என் கம்பில் அப்படித்தான் இருக்கிறது. இந்தக் கம்பில் கோடெல்லாம் மேலேயே கூட்டமாக நின்றுவிட்டது.

இரண்டு கோட்டுக்கு நடுவில் என் விரல்களை வைத்தேன். ஒன்று, இரண்டு. மூன்றாவதுக்கு இடமில்லை. கீழே இருந்த இடைவெளியில் வைத்தேன். இரண்டு. பிள்ளைகளின் தலையை அளக்கிற நாடாவைப் பையிலிருந்து எடுத்துப் பிடித்தேன். மூன்றரை சென்டிமீட்டர் இருந்தது. ஐந்து இருக்க வேண்டும். பயிற்சிக்காரப் பையன் பலகையில் ஐந்து என்று எழுதியும் போட்டான். ஆனால் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் அந்த அறையில் பாதிப் பேர்தான்.

கோடு வெட்டியது யார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. கம்பு, கத்தி, வேலி எல்லாம் இந்த வீட்டில் தமியாவின் வேலை.

அப்போது எனக்குப் புரிந்தது. புரிந்ததும், ஏன்டா எண்ண வந்தோம் என்றிருந்தது. இதை எப்படிச் சொல்வது? பதினெட்டு வருடமாக இந்த வீட்டில் அந்தக் கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. சொன்னால் அந்த மனிதர் தலை குனிவார். சொல்லாவிட்டால் விடிந்ததும் லாரி வரும்.

மணிச் சத்தம் கேட்டது. தமியாவ் ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டு வந்தார். இவோனெட் பிள்ளையோடு கதவோரம் நின்றாள். உள்ளே அவள் துணிமூட்டை கட்டி வைத்திருந்தது.

"என்ன, முடிஞ்சுதா உன் கணக்கு?" என்றாள் கித்தேரியா.

"முடிஞ்சுது. தண்ணி எங்கயும் போகலை. யாரும் திருடலை, யாரும் கொட்டலை. துணியெல்லாம் குளத்துலதான் அலசுறா, நானே பார்த்தேன். பதினஞ்சு நாளா வாய்க்குக்கூட ஒழுங்கா ஊத்திக்கிறதில்லை உன் மருமக. கோடுதான் நெருக்கமா விழுந்திருக்கு. அடியில மீனுக்குன்னு விட்டிருக்கியே, அதெல்லாம் உங்க தண்ணிதான்."

"நெருக்கமான்னா?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "அந்தப் பயிற்சிக்காரப் பையன் தப்பாக் காட்டிட்டான். அவன் விரலைப் பார்த்தியா, குச்சி குச்சியா? பட்டணத்து விரல். அதை வச்சுக் காட்டினா இப்படித்தான் ஆகும்."

"அதானே!" என்று கித்தேரியா பிடித்துக்கொண்டாள். "அவன் முழியைப் பார்த்தப்பவே எனக்குத் தோணுச்சு. காப்பிக்கு நாலு கரண்டி சக்கரை போட்டுக் குடிச்சானே, அவனுக்கு அளவு எங்க தெரியப்போகுது!"

"அந்தப் பையன் கம்பைத் தொடலை," என்றார் தமியாவ்.

எல்லோரும் திரும்பினோம்.

"கோடு போட்டது நான்."

"அவன் சொன்னதைத்தானே நீ போட்டே," என்றாள் கித்தேரியா. குரல் இறங்கிவிட்டது. அவளுக்கும் அந்த நொடியில் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். பெண்டாட்டிக்குத் தெரியாதா?

அவர் தொப்பியைக் கழற்றித் தொட்டி மேல் வைத்தார். என் மடியிலிருந்த கம்பை எடுத்து நிறுத்தி, வலதுகையை அதன்மேல் குறுக்கே வைத்தார். பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக அந்தக் கையை நேராகப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் அடியோடு இல்லை. நடுவிரல் ஒரு கணுகூட முழுசாக இல்லை, மொட்டு மாதிரி நின்றது. மோதிர விரலும் சுண்டுவிரலும் கம்பைத் தொட்டன. மொட்டு கம்புக்கு வந்து சேரவில்லை.

"மூணு," என்றார். "எனக்கு மூணுதான் தெரியுது, தோனா அவுரெலினா. சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல். நடுவிரல் இன்னமும் அரிக்குது எனக்கு. சொறியப் போனா அங்க ஒண்ணும் இருக்காது. ஆனா அரிக்கும். அன்னிக்குக் கம்பு மேல வச்சப்போ மூணும் பட்ட மாதிரிதான் இருந்துது." இடதுகையின் நகத்தைக் கத்தியாகக் கொண்டுவந்து விரல்களை ஒட்டி வைத்தார். "கத்தி வந்து மோதிர விரல்ல நின்னுடுச்சு. நடுவிரலுக்கு நிக்கலை. எப்படி நிக்கும்?"



தமியாவ் கதவுப்பக்கம் திரும்பினார். "பதினஞ்சு நாளா இல்லாத விரலுக்குத் தண்ணியை விட்டுக் குடுத்துட்டு நின்னிருக்கே, மகளே."

மகளே என்று அவர் அவளைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. இவோனெட் பிள்ளையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அழட்டும் என்று விட்டேன். கண்ணீர் விடவும் உடம்பில் இவ்வளவாவது தண்ணீர் இருக்கிறதே.

கித்தேரியா விடுவிடென்று உள்ளே போனாள். பாத்திரங்கள் மோதுகிற சத்தம் வந்தது. அவள் மன்னிப்புக் கேட்டு யாரும் பார்த்ததில்லை, என்னிடமே மூன்று மன்னிப்பு பாக்கி வைத்திருக்கிறாள். வெளியே வந்தபோது குவளையில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. மருமகள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"குடி."

இவோனெட் பாதி குடித்தாள். மீதியை வைத்துக்கொண்டு கண்ணால் சாஸரைத் தேடினாள்.

"எதைத் தேடுறே?" கித்தேரியா குவளையை மறுபடி அவள் பக்கம் தள்ளினாள். "எதைடி தேடுறே? குடி முழுசா! குடிச்சுட்டு இன்னொண்ணு குடி. நாளைக்கு லாரிக்காரன் ஹாரன் அடிச்சா அடிச்சுட்டுப் போறான். ரோசில்டா, போய் அந்த மூட்டையை அவிழ்."

தமியாவ் வேலியோரம் போய் நேரான கம்பு ஒன்றை வெட்டிக்கொண்டு வந்தார். தோலைச் சீவினார். பழைய கம்பில் தொட்டி நிறைந்த அளவைப் பார்த்துப் புதியதில் குறித்துக்கொண்டு, அதை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தினார்.

நாடாவை நீட்டினேன். "இதுல அஞ்சு இருக்கு, பாருங்க."

நாடாவை அவர் பார்க்கக்கூட இல்லை. "இவோனெட், உன் கையைக் கொண்டா. இங்க மூணு விரல் வை."

பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு அவள் வந்து குந்தினாள். விரல்களா அவை, மெலிந்து மெலிந்து முருங்கைக்காய். ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்துக் கம்பின்மேல் வைத்தாள். தமியாவ் இடதுகையில் கத்தியை எடுத்தார்.

"நாலா வை," என்றாள் கித்தேரியா.

"மூணுன்னுதானே அத்தை, பயிற்சியில சொன்னாங்க—"

"பிள்ளைக்குத் தண்ணிக் கணக்கு இல்லேன்னு சொன்னது நான்தான். அது உன்கிட்டேர்ந்துதானே குடிக்குது? நீ எங்கேர்ந்து குடிப்பே? சுண்டுவிரலையும் வை."

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். அந்த மெல்லிய விரல் நாலு வைத்தால் இருக்கிற தண்ணீர் கிறிஸ்துமஸ் வரை வரும். மழை நவம்பரிலும் வரலாம், போன வருடம்போல ஜனவரிக்கும் தள்ளலாம். சொல்ல வாயெடுத்தேன். மடியிலிருந்த பிள்ளை என் சட்டைப் பொத்தானை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

இவோனெட் சுண்டுவிரலையும் சேர்த்து வைத்தாள். தமியாவ் கத்தியை மெதுவாகக் கொண்டுவந்து அந்த விரலை ஒட்டி நிறுத்தினார்.

"குத்துதா?"

"இல்லை மாமா."

"அப்படியே வச்சுக்கோ," என்று சொல்லி முதல் கோட்டை வெட்டினார்.